வீட்டில் வால்வு ஆம்ப்: கொங்குப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்வு ஆம்ப் என்றால் டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வு போட்டுப் பாட்டைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளிபயர். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் அதை வைத்திருப்பவர்களும் புதிதாக வாங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நிறையப் பேர் எடுத்த எடுப்பில் கேட்பது, எந்த வால்வு போட்டால் சத்தம் நன்றாகும் என்பதுதான். என் வரிசை வேறு. முதலில் ஸ்பீக்கர், அடுத்து சுவர் பிளக்கில் வரும் கரன்ட், அப்புறம் ஆம்புக்குள் இருக்கும் பழைய கண்டென்சரும் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) பயாஸும் (பாட்டு ஓடாதபோது வால்வு இழுக்கும் கரன்ட் அளவு). வால்வுக்குச் செலவழிப்பது கடைசியில். காரணங்கள் கீழே வரும்.

வால்வு ஆம்ப் எப்படி வேலை செய்கிறது?

காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவைக்குள் ஹீட்டர் சூடாகி, கேதோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். எதிரே இருக்கும் பிளேட் அவற்றை இழுக்கும். நடுவில் இருக்கும் கிரிட் என்ற கம்பிச் சுருள், பாட்டின் சிக்னலுக்குத் தகுந்தபடி அந்த ஓட்டத்தைக் கூட்டும், குறைக்கும். 1904-ல் பிளெமிங் கிரிட் இல்லாத வால்வைச் செய்தார். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் கிரிட்டைச் சேர்த்தார். அடிப்படை இன்றும் அதுதான்.

வால்வின் பிளேட்டுக்கு 300 முதல் 500 வோல்ட் டிசி வேண்டும், ஓட்டமோ மில்லி ஆம்பியர் கணக்கில் கொஞ்சம்தான். ஸ்பீக்கருக்கு நேர் எதிர்: வோல்ட் குறைவு, ஆம்பியர் அதிகம். இரண்டுக்கும் நடுவில் நின்று மாற்றிக் கொடுப்பது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிப் பதில்கள் தானாகப் புரியும்.

உண்மையிலேயே சத்தம் நன்றாக இருக்குமா, இல்லை பழைய பொருள் மேல் உள்ள ஆசையா?

மீட்டர் வைத்து அளந்தால் நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்தான் ஜெயிக்கும். வால்வு ஆம்பில் டிஸ்டார்ஷன், அதாவது சிக்னல் சிதைவது, கூடுதல். ஆனால் அதில் பெரும்பங்கு, முக்கியமாக ஒற்றை டிரையோடு (ஒரே கிரிட் உள்ள வால்வு) ஆம்பில், இரண்டாம் ஹார்மோனிக். அதாவது அதே சுருதியின் மேல் ஸ்தாயி. காதுக்கு அது உறுத்தாது, குரலுக்குக் கொஞ்சம் சதை போட்டது போலக் கேட்கும். சத்தம் எல்லை மீறும்போதும் டிரான்சிஸ்டர் போல வெட்டென்று முறியாமல் மெல்ல அமுங்கும்.

கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் குரலை ஒரு சுமாரான வால்வு ஆம்பில் கேட்டுப் பாருங்கள். அந்த உச்ச ஸ்தாயியில் காது கூசாது, அழுத்தமும் குறையாது. காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் அப்படித்தான். இன்றைய பாட்டுகளின் அடித் தொனி நெஞ்சில் இடிக்க வேண்டும் என்றால் டிரான்சிஸ்டர் ஆம்பே வாங்குங்கள். அது குறைவான தேர்வு இல்லை, வேறு தேவை.

எத்தனை வாட் வேண்டும்?

இந்தக் கேள்வியை ஸ்பீக்கரிடம்தான் கேட்க வேண்டும். ஸ்பீக்கரின் பின்னாலோ கையேட்டிலோ சென்சிடிவிட்டி என்று ஒரு எண் இருக்கும்: 86 டெசிபெல், 90 டெசிபெல், 95 டெசிபெல் என்று. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்த சத்தம் அது. 3 டெசிபெல் கூட்ட வேண்டுமென்றால் வாட்டை இரண்டு மடங்காக்க வேண்டும். 10 டெசிபெல் கூட்டப் பத்து மடங்கு.

300பி என்ற பெரிய டிரையோடு வால்வு ஒன்று ஒரு பக்கத்துக்குத் தருவது 8 வாட் அளவு. 87 டெசிபெல் ஸ்பீக்கரில் அந்த 8 வாட் 96 டெசிபெல்லில் நின்றுவிடும். 95 டெசிபெல் ஸ்பீக்கரில் அதே ஆம்ப் 104 டெசிபெல் வரை போகும். அந்த 8 டெசிபெல் வித்தியாசத்தை ஆம்பிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் 50 வாட் ஆம்ப் வாங்க வேண்டும். அந்தப் பணத்துக்கு நல்ல சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கரே வாங்கிவிடலாம், ஆம்பும் சிரமப்படாது. அந்தக் காலத்துச் சினிமா கொட்டகைகளில் இன்று கேட்டால் நம்ப முடியாத அளவு சின்ன ஆம்ப் போதுமானதாக இருந்ததற்குக் காரணம், எதிரே இருந்த ஹார்ன் ஸ்பீக்கர்கள்தான்.

ஸ்பீக்கர் ஓம் (கரன்ட்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை) விஷயத்தையும் பாருங்கள். பெயருக்கு 8 ஓம் என்று போட்டு, சில அலைவரிசைகளில் 3 ஓம் வரை இறங்கும் ஸ்பீக்கர்கள் உண்டு. வால்வு ஆம்புக்கு அவை ஆகாது.

முதல் ஆம்பாக எதை வாங்கலாம்?

இஎல்84 என்ற சின்ன அவுட்புட் வால்வு நான்கு போட்ட ஸ்டீரியோ புஷ்புல் ஆம்ப், அதாவது ஒரு பக்கத்துக்கு இரண்டு வால்வு ஜோடியாக மாறி மாறி வேலை செய்யும் வகை. ஒரு பக்கத்துக்கு 12 முதல் 15 வாட் வரை கிடைக்கும். வால்வும் விலை குறைவு, ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா மூன்று இடத்திலும் இன்றும் செய்கிறார்கள். பெரும்பாலும் கேதோடு பயாஸ், அதாவது தானாகச் சரி செய்துகொள்ளும் வகை. அறை பெரிது, ஸ்பீக்கரும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்றால் இஎல்34 புஷ்புல், 35 வாட் பக்கம் வரும். 300பி மேல் எல்லோருக்கும் ஆசை வரும். அதற்கு ஏற்ற ஸ்பீக்கர் கைக்கு வந்த பிறகு யோசியுங்கள்.

அப்பாரு காலத்து வால்வு ரேடியோ பரணில் இருக்கிறது. பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா?

வேண்டாம். எல்லோரும் முதலில் செய்வது அதுதான், நன்றாக இருந்த செட்டுகள் புகைந்து போவதும் அப்போதுதான்.

பல ஆண்டுகள் கரன்ட் பார்க்காத எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் ஷார்ட் ஆகலாம். அப்படி ஷார்ட் ஆகிவிட்டால் பவர் டிரான்ஸ்பார்மரும் ரெக்டிபயரும் (ஏசியை டிசியாக்கும் பாகம்) கூடவே போகும். மெழுகு பூசிய பழைய பேப்பர் கண்டென்சர்கள் கிட்டத்தட்ட எல்லாமே கசியும். அதில் முக்கியமானது, அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டென்சர். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட் ஏறி, வால்வு கட்டுப்பாடில்லாமல் கரன்ட் இழுத்து, பிளேட் சிவந்துவிடும். ஆகவே பழைய செட்டில் முதல் வேலை அந்த ஒரு கண்டென்சரை மாற்றுவது. விலை சில ரூபாய்தான்.

அப்புறம் சீரிஸ் போர்டு. மோட்டார் காயில் கட்டும் கடைகளில் சுவரில் மாட்டியிருப்பார்களே, அதேதான். குண்டு பல்பு ஒன்றை லைனில் தொடராகப் போட்டு அதன் வழியாகச் செட்டுக்குக் கரன்ட் கொடுப்பது. ரேடியோவுக்கு 40 அல்லது 60 வாட் பல்பு, பெரிய ஆம்புக்கு 100 வாட். வால்வுகளை எல்லாம் கழற்றிவிட்டு முதலில் போடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்க வேண்டும். முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

இன்னொரு எச்சரிக்கை, இதைக் கவனமாகப் படியுங்கள். சில பழைய ரேடியோக்களிலும் விலை குறைந்த ரெக்கார்டு பிளேயர்களிலும் பவர் டிரான்ஸ்பார்மரே கிடையாது. யுசிஎல்82, யுஒய்85 என்று 'யு'வில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் அந்த வகை. அவற்றின் சாசி, அதாவது பாகங்களை மாட்டிய உலோகச் சட்டம், நேராகக் கரன்ட் லைனோடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சாசியிலேயே 230 வோல்ட் நிற்கும். அதில் போனை வயர் போட்டு இணைக்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

இதையெல்லாம் சொல்வது அந்தச் செட்டை ஒதுக்கி வைக்க அல்ல. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் ஜி.டி. நாயுடு அறிவித்த ஊர்ப்பக்கம் இது. பொறுமையாக உயிர் கொடுத்தால் அந்த ரேடியோ இன்னும் பல ஆண்டு பாடும்.

கோயில் விசேஷத்துக்குப் போட்ட பழைய மைக் செட் ஆம்ப் கிடைத்தது. வீட்டுக்கு ஆகுமா?

உள்ளே இருக்கும் வால்வுகளும் பவர் டிரான்ஸ்பார்மரும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும். ஆனால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் குழாய் ஸ்பீக்கரில் பேச்சு தெளிவாகக் கேட்பதற்காகக் கட்டியது. அடித் தொனியும் மேல் தொனியும் இரண்டு பக்கமும் வெட்டிப் போகும். 100 வோல்ட் லைன் என்று போட்ட முனையில் வீட்டு ஸ்பீக்கரைக் கொடுக்காதீர்கள். 8 ஓம், 16 ஓம் என்ற முனைகள் இருந்தால் அதில் கொடுங்கள். பழைய பாட்டுக்கு, ஒற்றை ஸ்பீக்கர் வைத்துக் கேட்க அருமையாக இருக்கும். ஸ்டீரியோவுக்கு என்று பணம் போட்டு அதை மாற்றாதீர்கள்.

எங்கள் பக்கம் விசைத்தறி அதிகம். கரன்ட் ஏறி இறங்குகிறது. ஆம்புக்கு என்ன ஆகும்?

நம் ஊர்களில் வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் தறி ஓடும் நேரத்தில் 200 வோல்ட் பக்கம் இறங்கும். தறி நின்ற இரவில் 250-ஐத் தொடும். தோட்டத்துச் சாளைகளில் போர் மோட்டார் எடுக்கும்போது லைட் மங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட். கூடக்குறைய பத்து சதவீதம் தாங்கும், அதாவது 6.9 வரை. 230 வோல்ட்டுக்குக் கட்டிய டிரான்ஸ்பார்மரில் 250 வந்தால் ஹீட்டருக்கு 6.85, விளிம்பில் நிற்கும். இணையத்தில் வாங்கும் சீன ஆம்புகள் பலவும் 220 வோல்ட்டுக்குக் கட்டியவை. அதே 250 அங்கே வந்தால் ஹீட்டருக்கு 7.1-க்கு மேல் போகும். பிளேட் வோல்ட்டும் கூடவே ஏறும். வால்வு சீக்கிரம் தீர்ந்து போகிறது, டிரான்ஸ்பார்மர் சுடுகிறது, உறுமுகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ராத்திரி ஒன்பது மணிக்குச் சுவர் பிளக்கில் எத்தனை வோல்ட் என்பதுதான். ஒரு வாரம் காலை, மாலை, இரவு மல்டிமீட்டர் வைத்து எழுதி வையுங்கள்.

ஆம்பின் பின்னால் 220, 230, 240 என்று தேர்வு இருந்தால் 240-ல் வையுங்கள். இல்லையென்றால் நல்ல சர்வோ ஸ்டெபிலைசர். எப்போதும் கூடுதலாகவே வரும் இடமென்றால் இன்னும் மலிவான வழி உண்டு. 12 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒன்றின் செகண்டரியை (12 வோல்ட் தரும் காயில்) லைனோடு எதிர்முகமாகச் சேர்த்தால் 250 என்பது 238 ஆகிவிடும். வயரிங் தெரிந்தவரிடம் கொடுத்து, பியூஸோடு டப்பாவில் போட்டுச் செய்யச் சொல்லுங்கள். சேர்த்த பிறகு வோல்ட் குறையாமல் கூடினால் இரண்டு வயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் ஆம்புக்கும் அமெரிக்க 117 வோல்ட் ஆம்புக்கும் தனி ஸ்டெப்டவுன் வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீடுகளில் நியூட்ரல் கட் ஆனால் ஒரு பேஸில் 300-க்கு மேல் ஏறிவிடும். அதற்கு வோல்டேஜ் கட்ஆப் கட்டாயம். ஐப்பசி மழையில் இடி இடித்தால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்கி வையுங்கள்.

கரன்ட் போய்விட்டுத் திரும்ப வந்தால்?

போனவுடன் ஆம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வந்து சில நிமிடம் கழித்துப் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையென்றால் அதில் ஓட்டலாம். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்பார்மர் கரகரக்கும், சூடாகும், வேண்டாம்.

ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்பை ஆன் செய்தால் ஒன்றும் ஆகாதுதானே?

ஆகும். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு ஷார்ட் ஆகாது. வால்வு ஆம்புக்கு ஸ்பீக்கர் இல்லாமல் ஓடுவது ஆகாது. சிக்னல் வரும்போது அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரியில் (வால்வு பக்கத்துக் காயில்) பல மடங்கு வோல்ட் எகிறி, காயில் இன்சுலேஷன் ஓட்டையாகிவிடும். ஸ்பீக்கர் வயரைத் தளர்வாக முறுக்கி வைப்பதும் இதே ஆபத்துதான்.

பயாஸ் என்றால் என்ன? நானே வைக்கலாமா?

பாட்டு ஓடாதபோது அவுட்புட் வால்வு எவ்வளவு கரன்ட் இழுத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதுதான் பயாஸ். பைக்கில் ஐடிலிங் வைப்பது போல. கூடினால் வால்வு வெந்து போகும், குறைந்தால் மெல்லிய சத்தம் கரகரப்பாகும். கேதோடு பயாஸ் ஆம்பில் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. பிக்சட் பயாஸ் ஆம்பில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு சின்னத் திருகும், அளக்க ஒரு முனையும் வெளியிலேயே கொடுத்திருந்தால் தாராளமாக நீங்களே வைக்கலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இஎல்34-ன் பிளேட் தாங்கும் அளவு 25 வாட். அதில் 70 சதவீதம், 17.5 வாட், பாதுகாப்பான எல்லை. பிளேட்டில் 430 வோல்ட் இருந்தால் 17.5-ஐ 430-ஆல் வகுக்க 40 மில்லி ஆம்பியர் வருகிறது. கேதோடில் 10 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் மீட்டரில் 0.4 வோல்ட் காட்ட வேண்டும். ஆன் செய்து அரை மணி நேரம் கழித்து அளந்து, நான்கு வால்வுக்கும் ஒரே அளவு வையுங்கள். ஒன்றைத் திருப்பினால் மற்றது கொஞ்சம் நகரும், அதனால் இரண்டாம் முறை ஒரு சுற்று வாருங்கள். ஆம்போடு வந்த கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி.

நம் பக்கத்துக்கு மட்டும் ஒரு சேர்க்கை: மதியம் 210 வோல்ட் வரும்போது பயாஸ் வைத்தால், இரவு 250 வரும்போது அது எல்லை தாண்டும். வோல்ட் அதிகமாக வரும் நேரம் எதுவென்று பார்த்து அப்போது வையுங்கள்.

இருட்டில் வால்வைப் பாருங்கள். நடுவில் ஹீட்டர் ஆரஞ்சாகத் தெரிவது இயல்பு. கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய நீல ஒளி படர்வதும் இயல்பு, பயப்பட வேண்டாம். வெளியே உள்ள சாம்பல் நிறப் பிளேட் மங்கிய சிவப்பாக மாறினால் அந்த நொடியே அணைக்க வேண்டும். உள் பாகங்களுக்கு நடுவே ஊதா மூட்டம் தெரிந்தால் உள்ளே காற்று, அந்த வால்வு முடிந்தது.

வால்வு எத்தனை ஆண்டு வரும்?

அவுட்புட் வால்வு 2,000 முதல் 5,000 மணி நேரம், சின்ன வால்வுகள் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. தினமும் மூன்று மணி நேரம் கேட்டால் ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரம் சொச்சம். அவுட்புட் வால்வை ஜோடியாகவே மாற்றுங்கள். மாற்றிய தேதியை, வால்வு சொருகும் பேஸ் அருகே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால் பிறகு யோசிக்க வேண்டியதில்லை.

வேறு கம்பெனி வால்வு போட்டால் சத்தம் மாறுமா?

மாறும், கொஞ்சம். ஸ்பீக்கரை அரை அடி நகர்த்தினால் வரும் மாற்றத்தை விடக் குறைவு. சின்ன வால்வுகளில் மாற்றிப் பார்ப்பது செலவு குறைந்தது, ஆபத்தும் குறைவு. 12ஏஎக்ஸ்7 என்பதும் இசிசி83 என்பதும் ஒன்றே, பெயர்தான் வேறு. அதன் பெருக்கம் 100, 12ஏடி7-க்கு 60, 12ஏயூ7-க்கு 20-க்கும் கீழே. மூன்றுக்கும் முனைகள் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றின் பேஸில் மற்றது உட்காரும். ஆனால் சர்க்யூட் ஒன்றை நினைத்துப் போட்டது, கண்டபடி மாற்றினால் சத்தமும் குறையும், டிஸ்டார்ஷனும் கூடும். இசிசி88 அந்த பேஸில் உட்காரும், முனைகளோ வேறு. போடக் கூடாது.

பெரிய வால்வுகளில் விளையாட வேண்டாம். இஎல்34 ஆம்பில் கேடி88 போட்டால் வாட் கூடாது. வாட்டைத் தீர்மானிப்பது பவர் சப்ளையும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும். பயாஸ் மாறும், ஹீட்டர் கரன்ட்டும் 1.5 ஆம்பியரிலிருந்து 1.6 ஆகும். ரெக்டிபயரில் இன்னும் மோசம்: ஜிஇசட்34-க்கு ஹீட்டர் 1.9 ஆம்பியர், 5யூ4-க்கு 3 ஆம்பியர். அந்த 5 வோல்ட் காயில் அதைத் தாங்காவிட்டால் பவர் டிரான்ஸ்பார்மரே வெந்துவிடும்.

பழைய முல்லார்ட், பிலிப்ஸ், பெல் வால்வுகளை வாங்கலாமா?

பெல் என்பது பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ். அவர்கள் செய்த வால்வுகள் நல்லவை. ரேடியோ மெக்கானிக்குகள் வீட்டு மரப்பெட்டிகளில் இன்னும் பிரிக்காத டப்பாவோடு கிடைக்கின்றன. நம்பி வாங்கலாம், ஆனால் டெஸ்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

முல்லார்ட் (இங்கிலாந்துக் கம்பெனி) என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கண்ணாடி மேல் அச்சடித்த பெயரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். உண்மையான முல்லார்டில் கண்ணாடியின் அடியில், சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மட்டும் தெரியும்படி மங்கலான சாம்பல் நிறக் குறியீடு இருக்கும். பிளாக்பர்ன் ஆலைக்கு 'பி' என்ற ஆங்கில எழுத்து வரும். வால்வு உச்சியில் கண்ணாடி போல மின்னும் வெள்ளிப் பூச்சையும் பாருங்கள். அது பால் வெள்ளையாகியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது.

புது வால்வுகளே பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஒரே ஒரு விஷயம், உலகத்தில் ஆலைகள் குறைவு. 2022-ல் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்தபோது எல்லா இடத்திலும் விலை ஏறியது. அதனால் உங்கள் ஆம்புக்கு ஒரு செட் அவுட்புட் வால்வு உபரியாக வீட்டில் இருப்பது நல்லது.

கண்டென்சர் மாற்றுவது நல்ல அப்கிரேடா?

பழைய ஆம்பில் அது அப்கிரேட் இல்லை, கட்டாய வேலை. கசியாத புதுப் பாலிப்ரொப்பிலீன் கண்டென்சர் போதும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் எண்ணெய்க் கண்டென்சர்களால் பெரிய மாற்றம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பவர் சப்ளையில் பெரிதாகப் போட்டால் அடித் தொனி கெட்டியாகும் என்று நிறையப் பேர் 47 மைக்ரோபாரட் இருந்த இடத்தில் 220 போட்டுவிடுகிறார்கள். ரெக்டிபயர் வால்வுக்குப் பிறகு வரும் முதல் கண்டென்சருக்கு எல்லை உண்டு, ஜிஇசட்34-க்கு 60 மைக்ரோபாரட். அதை மீறினால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ரெக்டிபயருக்குள் பொறி பறக்கும்.

அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது. மோட்டார் காயில் கட்டுபவரிடம் கொடுக்கலாமா?

பவர் டிரான்ஸ்பார்மரைத் தாராளமாகக் கொடுங்கள். கணபதி, பீளமேடு பக்கம் காயில் கட்டும் கைகளுக்கு அது சாதாரண வேலை. பழைய காயிலைப் பிரிக்கும்போது சுற்று எண்ணிக்கையும் கம்பி கேஜும் எழுதி வைக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வேறு. அது கரன்ட்டின் 50 சைக்கிள் (விநாடிக்கு 50 அதிர்வு) ஒன்றுக்கு மட்டும் வேலை செய்வதில்லை, மத்தளத்தின் அடியிலிருந்து ஜால்ராவின் நுனி வரை எல்லாவற்றையும் கடத்த வேண்டும். அதற்காகப் பிரைமரியையும் செகண்டரியையும் பல அடுக்காகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி மாற்றிச் சுற்றியிருப்பார்கள். மொத்தப் பிரைமரியையும் ஒரே மூச்சில் சுற்றி அதன் மேல் செகண்டரியைச் சுற்றினால் சுற்று எண்ணிக்கை சரியாகவே இருக்கும், சத்தத்தில் மேல் தொனி மட்டும் காணாமல் போயிருக்கும். ஒற்றை வால்வு ஆம்ப் என்றால் ஸ்டாம்பிங் அடுக்குவதிலும் வித்தியாசம்: பவர் டிரான்ஸ்பார்மரில் ஆங்கில ஈ, ஐ எழுத்து வடிவத் தகடுகளை மாற்றி மாற்றிக் கோப்பார்கள்; இதில் எல்லா ஈ-யும் ஒரு பக்கம், எல்லா ஐ-யும் மறுபக்கம், நடுவே காகித இடைவெளி. அந்தக் காகிதத்தைத் தூக்கி எறிந்துவிட்டால் அடித் தொனி போய்விடும். 1947-ல் இங்கிலாந்தில் வில்லியம்சன் வெளியிட்ட ஆம்ப் உலகம் முழுக்கப் பேர் வாங்கியதற்கு, அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு அவர் கேட்ட தரம் ஒரு முக்கியக் காரணம்.

காயில் கட்டுபவர் பொறுமைசாலி என்றால் உட்கார்ந்து அடுக்கு அடுக்காகப் பிரித்து வரைந்துகொண்டு அப்படியே கட்டித் தருவார். நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வரைபடம் இல்லாமல் மட்டும் கொடுக்காதீர்கள்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று உறுமல் வருகிறது. எங்கே தேடுவது?

ஆம்புக்கு வரும் இன்புட் வயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். உறுமல் நின்றால் கோளாறு வெளியே, பெரும்பாலும் எர்த் லூப்: டிவி, கம்ப்யூட்டர், கேபிள் பெட்டி என்று இரண்டு வழியில் எர்த் வருகிறது. எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் கொண்டு வாருங்கள். நிற்காவிட்டால் உள்ளே. கனத்த 50 சைக்கிள் உறுமல் என்றால் ஹீட்டர் வயர் அல்லது ஒரு சின்ன வால்வு. கொஞ்சம் கூர்மையான 100 சைக்கிள் என்றால் பவர் சப்ளைக் கண்டென்சர் தளர்ந்துவிட்டது.

உறுமலை நிறுத்த எர்த் முனையை வெட்டிவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். உள்ளே 400 வோல்ட் இருக்கும் பெட்டி அது. நம் செம்மண், சரளை மண்ணில் கோடையில் எர்த் குழி காய்ந்து போகும். கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், பல வீடுகளில் உறுமலே குறையும்.

கேபிள்?

கனமான செம்புக் கம்பி, இறுக்கமான முனை. அதற்கு மேல் பணம் வேண்டாம்.

அறைக்கு ஏதாவது செய்யலாமா?

கட்டாயம். டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, வெறும் சுவர் என்றால் எந்த ஆம்ப் வைத்தாலும் எதிரொலி தின்றுவிடும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே பஞ்சு மெத்தை ஒன்றைப் போட்டு, மேலே பவானி ஜமக்காளம் விரியுங்கள். ஜமக்காளம் தனியாக மெல்லியது, மேல் தொனி எதிரொலியைக் கொஞ்சம்தான் குறைக்கும். மெத்தையோடு சேர்ந்தால் நன்றாகக் கேட்கும். எதிர்ச் சுவரில் சென்னிமலைப் போர்வையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடலாம். ஓட்டு வீட்டு ஆசாரம் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பாதி தேவையில்லை. சரிந்த கூரையும் மர விட்டமும் அந்த வேலையைச் செய்துவிடும்.

சூடு, தூசி?

இஎல்34-ன் கண்ணாடி 200 டிகிரி வரை போகும். ஷோகேஸுக்குள் வைக்காதீர்கள், மேலே ஒன்றரை அடி திறந்திருக்கட்டும், குழந்தைகள் இருந்தால் கூண்டைக் கழற்றாதீர்கள். வால்வுக்குச் சூடு பழக்கம். பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குத்தான் ஆகாது. பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். கரூர், ஈரோடு சித்திரை வெயிலில் மெதுவாகச் சுற்றும் ஒரு மின்விசிறி பக்கத்தில் இருந்தால் போதும்.

திருப்பூர், பல்லடம் பக்கம் பஞ்சுத் தூசி தனிப் பிரச்சினை. வால்வு பேஸைச் சுற்றி மெல்லிய வெள்ளைப் படலமாக உட்காரும், மழைக்காலத்தில் ஈரம் வாங்கும். இஎல்34-ல் ஹீட்டர் முனையும் பிளேட் முனையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அந்தப் படலத்தின் வழியே பொறி ஓடி பேஸே கருகிவிடும். மாதம் ஒரு முறை, ஆறிய பிறகு, காய்ந்த பெயின்ட் பிரஷால் துடையுங்கள்.

கரன்ட் பில் எகிறுமா?

இஎல்34 நான்கு போட்ட ஆம்ப் சுமார் 180 வாட் இழுக்கும். தினம் மூன்று மணி நேரத்துக்கு அரை யூனிட் சொச்சம், இரண்டு மாதப் பில்லில் 32 யூனிட் அளவு.

மூடியைத் திறந்து நானே வேலை பார்க்கலாமா?

சால்டரிங் தெரியும், மீட்டர் பிடிக்கத் தெரியும் என்றால் மட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 400 வோல்ட் நிற்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இன்சுலேட் செய்த வயரும் கிளிப்பும் போட்டு, சாசிக்கும் கண்டென்சர் பாசிட்டிவுக்கும் நடுவே பத்து விநாடி பிடியுங்கள். அப்புறம் மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கை. ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். அளக்கும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும், வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும்.

வீடு மாற்றுகிறோம். ஆம்பை எப்படி எடுத்துப் போவது?

வால்வுகளைக் கழற்றி, எந்த பேஸில் எது என்று மார்க்கரில் பேப்பரில் எழுதிச் சுற்றி, தனிப் பெட்டியில் நிற்க வைத்துக் கொண்டு போங்கள். கழற்றும்போது கண்ணாடியைப் பிடித்து ஆட்டாமல் அடிப்பகுதியைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். ஆம்பின் கனம் முழுக்க டிரான்ஸ்பார்மர் பக்கம்தான் இருக்கும், அந்தப் பக்கத்தில் ஒருவர் கை கொடுத்துத் தூக்குங்கள். வண்டியில் கவிழ்த்து வைக்க வேண்டாம். புது வீட்டில் முதலில் சுவர் பிளக்கின் வோல்ட்டையும் எர்த்தையும் அளந்துவிட்டு, ஸ்பீக்கர் வயரை மாட்டிவிட்டு, அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். பிக்சட் பயாஸ் என்றால் அன்றைக்கே ஒரு முறை பயாஸ் பார்த்துவிடுங்கள்.